ஏழைகளின் தோழர் ககாவா

பிறர் துன்பம் கண்டு இரங்குவோர் உலகில் பலர். அத்துன்பத்தின் நடுவே சென்று குடிபுகுவோர் மிகச் சிலர். தம் நாட்டின் பகைவர் எனப்பட்டோரிடத்தும் அதே அன்பைக் காட்ட வல்லவர் அச்சிலருள்ளும் அரியர். அத்தகைய அரியருள் ஒருவர் சப்பானிய நாட்டில் தோன்றிய தொயோகிகோ ககாவா. சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரத்திற்கும் அப்பெரியார் வந்து தங்கிய சிறப்பு உண்டு.

ககாவா 1888-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10-ஆம் நாள் கோபே என்னும் துறைமுக நகரில் பிறந்தார். ஐந்து வயது நிரம்புமுன்னரே தாய் தந்தையர் இருவரையும் இழந்தார். பின்னர்த் தந்தையின் முன்னோர் இல்லத்தில் வளர்ந்தார். அங்கு உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை, அன்புக்குத்தான் பஞ்சம். பள்ளியிற் பயிலுங்கால் ஆங்கிலம் கற்க விரும்பிக் கிறித்தவப் பாதிரிமார் இருவரை அடைந்தார். அவர்கள் அவரைத் தம் மகனைப் போல நேசித்தனர். 1904-ஆம் ஆண்டு ககாவா கிறித்தவரானார். சமயத் தொண்டே தம் வாழ்க்கைப் பணி எனத் துணிந்தார். அதுவரை அவரைப் படிக்கவைத்த உறவினர் சினங்கொண்டு கைவிட்டனர். வறுமையோடு காசநோயும் சேர்ந்து வருத்தியது. சாவின் வாயிலைக் கண்டு மீண்ட அவர், எஞ்சிய வாழ்நாள் ஏழைகளுக்கே உரியது என உறுதி பூண்டார்.

கோபே நகரில் ஷின்காவா என்றொரு பகுதி இருந்தது. சில அடிச் சதுர அறைகளில் குடும்பங்கள் நெருக்குண்டு வாழ்ந்தன. நோயும் களவும் குடியும் சூதும் அங்கே குடிகொண்டிருந்தன. 1909-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், கிறித்து பிறந்த திருநாளுக்கு முந்திய நாளன்று, இருபத்தொரு வயதினரான ககாவா தம் சிறு உடைமைகளை ஒரு கைவண்டியில் ஏற்றிக்கொண்டு அங்குக் குடியேறினார். இடம் கேட்டு வந்த நோயாளிகளைத் தம் சிற்றறையிலேயே தங்க வைத்தார். தம் உணவை அவர்களுடன் பகிர்ந்துண்டார். பணம் பெற்று வளர்ப்பதாக வாங்கிய கைக்குழந்தைகளைப் பட்டினியால் மாயவிடும் கொடியோரும் அங்கே இருந்தனர். அவ்வாறு சாகக் கிடந்த ஒரு குழந்தையைத் தாமே எடுத்துச் சென்று, தாய்போற் காத்தார். அங்கு அவரைப் பற்றிய கண்ணோய் வாழ்நாள் முழுதும் அவர் பார்வையை மங்கச் செய்தது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1913-ஆம் ஆண்டு அவரை மணந்த ஹரு அம்மையாரும் அத்தொண்டில் உறுதுணையாய் நின்றார்.

உயர்கல்வி பெறுதற்கு 1914-ஆம் ஆண்டு ககாவா அமெரிக்கா சென்றார். நியூயார்க்கு நகரில் தொழிலாளர் திரண்டு சென்ற பேரணி ஒன்று அவர் சிந்தையைத் தூண்டியது. விழுந்தவனைத் தூக்கிவிடுதல் மட்டும் போதாது. அவன் விழுவதற்குக் காரணமான பள்ளத்தையும் தூர்த்தல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1917-ஆம் ஆண்டு தாயகம் திரும்பியதும் தொழிலாளர் சங்கங்களை அமைப்பதில் முனைந்தார். 1921-ஆம் ஆண்டு கோபே கப்பல் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபொழுது, அமைதி வழியில் அவர்களை நடத்திச் சிறை புகுந்தார். அவ்வாண்டே கோபேயில் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் தோன்றத் துணை செய்தார். அடுத்த ஆண்டில் உழவர் சங்கம் காண்பதிலும் முன்னின்றார். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பெருநிலநடுக்கம் தோக்கியோவைப் பாழாக்கியபொழுது, அங்கு விரைந்து சென்று வீடிழந்தோர்க்கு உதவினார்.

இவரை ஆட்சியாளர் கலகக்காரர் என ஐயுற்றனர். புரட்சியே வழி என்போரோ, இவர் வன்முறையை மறுப்பவர் எனக் கருதி ஒதுங்கினர். இரு கட்சியாரின் பழிச்சொல்லுக்கும் இடையே அவர் ஏழையின் பக்கம் நின்றார்.

இதனினும் கடிய சோதனை ஒன்று வந்தது. 1937-ஆம் ஆண்டு சப்பானியப் படை சீன நாட்டின்மேற் பாய்ந்தது. எண்ணிலாச் சீனர் உயிரும் உடைமையும் இழந்தனர். அப்போது, உலகக் கிறித்தவப் பேராளர் மாநாடு ஒன்று சீனத்து ஹாங்சௌ நகரில் கூடுவதற்கு ஏற்பாடாகியிருந்தது. போர் மூண்டமையால் அது தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சென்னை நகரிலிருந்து தாம்பரத்தின் புதிய வளாகத்துக்கு 1937-ஆம் ஆண்டிற்றான் இடம்பெயர்ந்திருந்தது. அங்கே, 1938-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் முதல் 29-ஆம் நாள் வரை, பல நாடுகளினின்றும் ஏறத்தாழ நானூற்றெழுபது பேராளர் கூடினர். சீனரும் வந்தனர், சப்பானியரும் வந்தனர். தாயகங்கள் போர்க்களத்தில் எதிர்நிற்க, அம்மக்கள் தாம்பரத்தில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து இறைவனை வழிபட்டனர். அவர்களுள் ககாவாவும் ஒருவர். தம் நாட்டார் செய்த தீங்கிற்காகச் சீன மக்களிடம் முன்னமே எழுத்து வாயிலாகப் பொறுத்தருள வேண்டியவர் அவர்.

மாநாடு முடிந்தபின், 1939-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பர்தோலி என்னும் ஊரில் காந்தியடிகளைக் கண்டார். போரைப் பற்றிச் சப்பானிய மக்கள் எண்ணுவது யாது என அடிகள் வினவினார். தம் கருத்து நாட்டார் கருத்துக்கு மாறானது எனக் ககாவா உரைத்தார். அங்ஙனமாயின் அதனை வெளிப்படக் கூறி, உயிர் இழக்கவும் துணிதல் வேண்டும் என அடிகள் அறிவுறுத்தினார். எளிதிற் கூறத்தக்க அறிவுரை. ஏற்று நடத்தற்கு அரியது. 1940-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், போரை எதிர்த்த கருத்துகளுக்காகச் சப்பானியப் படைக் காவலர் ககாவாவைச் சிறைப்படுத்தினர். சில கிழமைகள் கழித்து அவர் விடுதலை பெற்றார்.

பின்னர்ப் போர் முற்றிய காலத்து, அமெரிக்காவைக் குறைகூறி அவர் வானொலியில் நிகழ்த்திய உரைகள் அன்பர் பலரை வருந்தச் செய்தன. போரின் நெருக்கடியில் உறுதியான நெஞ்சமும் தடுமாறக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும் போர் முடிந்தபின், பசியாலும் தோல்வியாலும் நலிந்த மக்களுக்கு உதவுவதிலும் உலக அமைதிக்கு உழைப்பதிலும் அவர் தம்மை மீண்டும் ஈடுபடுத்திக்கொண்டார். 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 23-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் வித்திட்ட கோபே கூட்டுறவுச் சங்கம் இன்று சப்பானில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்து நிற்கிறது.

பசித்தவன் எந்நாட்டான், எக்கட்சியான் என்று பசி கேட்பதில்லை. அதைத் தீர்க்க வருபவரும் அதனைக் கேட்டல் ஆகாது. ஷின்காவாவின் சிற்றறையில் ககாவா கற்ற பாடம் இதுவே. தாம்பரத்தில் பகை நாட்டாருடன் அவரை ஒன்றாக அமரச் செய்ததும் இப்பாடமே.