படியாட்களின் துயர் கண்ட திரமென்கீர்

செங்கற்பட்டு நெல் விளையும் நாடு. மதுராந்தகம் ஏரி முதலிய பல ஏரிகள் மழைநீரைத் தேக்கி அந்நாட்டு வயல்களை வளப்படுத்தி வந்தன. ஆயினும், அவ்வயல்களில் உழுது, நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துக் களம் சேர்த்தவர்தம் குடிசைகளில் வறுமையே குடிகொண்டிருந்தது. நாள்தோறும் படியாகத் தானியம் பெற்று உழைத்த அவர்கள் படியாட்கள் எனப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கும் ஆளாகி, ஊர்ப்புறச் சேரிகளில் வாழ்ந்தனர். அவர்தம் நிலையை ஆராய்ந்து அரசினர்க்கு எடுத்துரைத்த பெருமகனாரே திரமென்கீர்.

ஜேம்ஸ் ஹென்றி திரமென்கீர் 1853ஆம் ஆண்டிற் பிறந்தவர். இந்தியக் குடிமைப் பணியில் அமர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தவர். செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சித் தலைவராய் விளங்கிய காலத்தில், விளைவிப்பவன் பசித்திருப்பது ஏன் என்னும் வினாவிற்கு விடை காண முற்பட்டார்.

அவர் கண்ட உண்மைகள் நெஞ்சை உருக்குவன. திருமணச் செலவிற்கோ பஞ்ச காலத்துப் பசிக்கோ சிறுதொகை கடன் பெற்ற படியாள், அதனைத் தீர்க்கும்வரை நிலக்கிழாரிடமே உழைக்க வேண்டியவனானான். கூலியோ வயிற்றுக்கே போதாது. கடன் எங்ஙனம் தீரும்? தந்தை பட்ட கடனுக்கு மைந்தனும் கட்டுண்டான். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டிருந்தும், கடன் என்னும் கண்ணுக்குத் தெரியாத விலங்கு அறுபடவில்லை. குடியிருந்த மனையும் பல ஊர்களில் மிராசுதாரருக்கே உரியதாயிருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையை இழக்க நேரும். தரிசு நிலத்தைக் கேட்டுப் பெறவும் வழியில்லை. அந்நிலத்திற்கும் மிராசுதாரரே முன்னுரிமை பெற்றிருந்தனர்.

இவற்றையெல்லாம் தொகுத்து, 1891ஆம் ஆண்டில் திரமென்கீர் விரிவானதோர் அறிக்கையை அரசினர்க்கு விடுத்தார். ஒடுக்கப்பட்டோர்க்குச் சொந்த மனையும் விளைநிலமும் வேண்டும் என்பதே அதன் சாரம். பிறர் தயவை நம்பி வாழ்பவனுக்கு இரக்கம் மட்டும் போதாது. ஊன்றி நிற்க ஒரு துண்டு நிலம் வேண்டும் என அவர் உணர்ந்திருந்தார். மேலதிகாரிகள் அவர் கூற்று முழுவதையும் ஏற்றிலர். எனினும், அவர் எழுப்பிய வினாவை எவராலும் புறக்கணிக்க இயலவில்லை. 1892ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் வழக்கம் வேரூன்றியது. பிற்காலத்தில் அந்நிலங்கள் பஞ்சமி நிலங்கள் எனப் பெயர் பெற்றன. அவற்றைப் பிற வகுப்பினர்க்கு விற்றல் ஆகாது என்னும் கட்டுப்பாடும் வகுக்கப்பட்டது.

திரமென்கீர் 1912ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடங்கிய பணி அவரோடு முடிந்துவிடவில்லை, முழுமையும் பெறவில்லை. கட்டுப்பாடு இருந்தும் பஞ்சமி நிலங்கள் பல பிறர் கைக்கு மாறின. அவற்றை மீட்கும் முயற்சிகள் பின்னர் எழுந்தன. 1994ஆம் ஆண்டில் செங்கற்பட்டை அடுத்த காரணை என்னும் சிற்றூரின் நிலமீட்புப் போராட்டத்தை ஒட்டி நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர்.

ஓர் அதிகாரி, வரி தண்டுவதோடு தம் கடமை முடிந்ததெனக் கருதாமல், வயலில் குனிந்து உழைத்தவரின் வாழ்வை நிமிர்ந்து நிற்கச் செய்ய விழைந்தார். உண்ணும் சோற்றின் ஒவ்வொரு பருக்கையிலும் உழைத்தவர் ஒருவரின் உரிமை உண்டு என்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.