பாடல்களைச் சுமந்து சென்றவர்

ஹங்கேரியின் சிற்றூர் ஒன்றில் 1881 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் நாள் பெலா பார்டோக் பிறந்தார். அவ்வூர் இன்று ருமேனியா நாட்டில் உள்ளது. ஏழு வயதில் அவர் தந்தையை இழந்தார். ஆசிரியையாகப் பணியாற்றிய தாயே குடும்பத்தைக் காத்தார். மகனுக்குப் பியானோவும் கற்பித்தார்.

புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் பயின்ற பார்டோக், சிறந்த பியானோக் கலைஞராக விளங்கினார். லிஸ்ட், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், டெபுஸி ஆகியோரின் இசை அவரைக் கவர்ந்தது. எனினும் அவர் வாழ்வின் திசையை மாற்றியது, 1904 ஆம் ஆண்டில் ஒரு பணிப்பெண் பாடிய நாட்டுப்புறப் பாடலே. நகரத்தார் ஹங்கேரிய இசை எனப் போற்றியது வேறு, உழவர் பாடியது வேறு என்பதை அவர் உணர்ந்தார்.

நண்பர் கோடாயும் அவரும் சிற்றூர்களுக்குச் சென்று பாடல்களைத் திரட்டினர். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியைப் பார்டோக் உடன் கொண்டு சென்றார். உழவர்கள் பாடியவற்றைப் பதிந்து, பின்னர் இசைக்குறியீடுகளாக எழுதினார். ருமேனியர், ஸ்லோவாக்கியர் முதலிய அயல்மக்களின் பாடல்களையும் அவ்வாறே போற்றிக் காத்தார். அப்பாடல்களின் மெட்டும் தாளமும் அவருடைய புதிய இசையில் கலந்தன.

கற்போர் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வகையில், 153 சிறு இசைப் பாடங்களை ‘மைக்ரோகாஸ்மாஸ்’ என்னும் பெயரில் ஆறு தொகுதிகளாக அமைத்தார். அவற்றுள் ஏழினை இரு பியானோக்களுக்கு ஏற்ப மாற்றி எழுதினார். அவருடைய மனைவி டிட்டாவும் பியானோக் கலைஞர். இருவரும் ஒரே மேடையில் இரு பியானோக்களை இணைந்து வாசித்தனர்.

நாஜிகளின் ஆதிக்கம் ஐரோப்பாவில் பரவியது. பார்டோக் அதனை வெறுத்தார். ஆயினும் முதிய தாயைப் பிரிய மனமின்றித் தாய்நாட்டிலேயே தங்கினார். 1939 இல் தாய் மறைந்தார். மறு ஆண்டு பார்டோக்கும் டிட்டாவும் அமெரிக்கா சென்றனர்.

நியூயார்க்கில் இசை நிகழ்ச்சிகள் குறைவாகவே கிடைத்தன, நோயும் வருத்தியது. அந்நிலையிலும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்பிய, குரோவாசிய நாட்டுப்புறப் பாடல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, குறியீடுகளாக எழுதும் பணியை மேற்கொண்டார். 1943 ஜனவரியில் மனைவியுடன் இரு பியானோ இசை நிகழ்த்தினார். அதுவே அவரது இறுதி மேடை.

1945 இல், டிட்டா தனித்து வாசிப்பதற்கென ஒரு பியானோ இசைப் படைப்பை எழுதத் தொடங்கினார். கடைசி 17 தாளக் கட்டங்களுக்கு இசைக்குழுவின் பங்கை எழுதுவது மட்டும் எஞ்சியிருந்தபோது, செப்டம்பர் 26 ஆம் நாள் மறைந்தார். நண்பர் ஒருவர் அதனை நிறைவு செய்தார். 1988 இல் பார்டோக்கின் உடல் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் திரட்டிய பாடல்களைப் பாடிய முதியோர் பலர் அதற்கு முன்பே மறைந்துவிட்டனர், பாடல்கள் மறையவில்லை.

செயல்பாடு: உங்கள் பாட்டியோ தாத்தாவோ பாடும் தாலாட்டு அல்லது நாட்டுப்புறப் பாடல் ஒன்றைக் கேட்டு எழுதுக. அதனை அவர்கள் யாரிடம் கற்றனர் என்பதையும் குறிப்பிடுக.