அருளானந்த சுவாமியார் எந்த ஊர்க்காரர்?



நம் பக்கத்தில் புதிதாக ஒருவனைக் கண்டால் முதலில் பெயரைக் கேட்பதில்லை. எந்த ஊர் என்று கேட்கிறோம். அப்புறம் யார் வீட்டுப் பிள்ளை, நமக்கு என்ன முறை வேண்டும் என்று கேட்கிறோம். வீரசோழன் சந்தையானாலும் சரி, திருச்சுழிக்குப் போகிற பஸ்ஸானாலும் சரி, இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகே பேச்சு நடக்கும். பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடலுக்கு அப்பாலும் போன நம் பிள்ளைகள், இருபது வருஷம் கழிந்தும், கருவேல மரமும் காய்ந்த கண்மாயுமான இந்தப் பூமியையே சொந்த ஊர் என்கிறார்கள். அங்கே பிறந்த அவர்களுடைய குழந்தைகள்தான் பதில் தெரியாமல் தாயின் முகத்தைப் பார்க்கின்றன.

வருகிற பிப்ரவரி 4-ந் தேதி அர்ச். அருளானந்தர் திருநாள். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துக்கொண்டே அவர் சரித்திரத்தை வாசியுங்கள்.

அவர் பிறந்த ஊர் லிஸ்பன், போர்த்துக்கல் தேசத்தின் தலைநகர். 1647-ம் வருஷம் மார்ச் முதல் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜான் தெ பிரிட்டோ. பெரிய குலம். தகப்பனார் சல்வதோர் தெ பிரிட்டோ அரசருக்கு வேண்டியவர். பிரேசிலில் ரியோ தெ ஜனைரோ நகருக்குக் கவர்னராக அனுப்பப்பட்டு, அங்கேயே காலமானார். கடைசிப் பிள்ளையான ஜான் அப்போது சிறு குழந்தை. தாயார் பெயாத்ரிஸ் பெரேரா அம்மாள் விதவையாய் நின்று பிள்ளைகளை வளர்த்தார். அந்தக் குல வழக்கப்படி, ஒன்பது வயதில் ஜான் அரண்மனையில் சேர்ந்து, இளவரசர் பேத்ரோவுக்குத் தோழனாக இருந்தார். அந்த இளவரசர் பின்னால் அரசரானார். அதை மறவாதிருங்கள்.

அரண்மனையில் இருந்தபோது பிள்ளைக்குக் கடுமையான நோய் வந்தது. வைத்தியர்கள் கைவிட்ட நிலையில் தாயார் அர்ச். சவேரியாரை நோக்கி நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருஷம் முழுதும் சேசு சபையாரின் அங்கியை அவனுக்கு உடுத்திவிடுவதாக நேர்ச்சை. நம் தாய்மார் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குக் காவி உடுத்துகிறார்களே, அப்படித்தான். பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் மின்னுகிற அரண்மனையில் கறுப்பு அங்கியோடு ஒரு சிறுவன் ஒரு வருஷம் நடமாடினான். வருஷம் முடிந்ததும் தாயார் அங்கியைக் கழற்றிவிட்டார். பிள்ளையின் மனதிலிருந்து அதைக் கழற்ற முடியவில்லை. 1662 டிசம்பர் 17-ந் தேதி, பதினைந்து வயதில், சேசு சபையில் சேர்ந்தார்.

அதுவரைக்கும் தாயார் சம்மதித்தார். மகன் இந்தியாவுக்குப் போகப்போகிறான் என்றபோதுதான் அவர் மனம் உடைந்தது. புருஷனைக் கடல் கடந்த தேசத்தில் பறிகொடுத்தவர் அல்லவா? செல்வாக்கையெல்லாம் செலவிட்டு, பாப்பரசரின் ஸ்தானாபதி மூலமாகவும் தடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரங்களை எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் தாயாரைச் சிறிது குறைத்துப் பேசுவது உண்டு. குருமடத்தில் நாங்கள் சாப்பாட்டு வேளையில் வாசிக்கக் கேட்ட புஸ்தகங்களும் அப்படித்தான். எனக்கு இப்போது அப்படிப் படவில்லை. மகனைக் கப்பலேற்றிவிட்டு வாசலில் நிற்கிற தாய்மாரை இந்தப் பங்கிலேயே எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

1673 மார்ச்சு மாதம் கப்பல் ஏறினார். ஆபிரிக்காவைச் சுற்றி வந்து, செப்டம்பரில் கோவாவில் இறங்கினார். படிப்பு முடிந்ததும் மதுரை மிஷனுக்கு வந்தார். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமியார் வகுத்த முறை அங்கே நடந்துவந்தது: குருவானவர் இந்த நாட்டுச் சந்நியாசியைப் போல உடுத்தி, மாமிசம் தள்ளி, தமிழிலேயே பேசி வாழவேண்டும். அதிலும் இரண்டு வகை. பிராமணச் சந்நியாசியாக வாழ்ந்தவர்கள் மேல்சாதியாரோடு மாத்திரம் பழகினார்கள். பண்டார சுவாமிகளாக வாழ்ந்தவர்கள் எல்லாச் சாதியாரிடமும் போகக்கூடியவர்கள். நம் சுவாமியார் பண்டாரமாக வாழ்ந்தார். காவி உடை, காதில் கடுக்கன், கையில் கோல், பெயர் அருளானந்தர். அக்காலத்துச் சாதிக் கட்டுக்குத் திருச்சபை இந்த அளவுக்கு வளைந்துகொடுத்ததை முழுதும் நியாயம் என்று சொல்ல என் மனம் துணியவில்லை. ஆனால் இரண்டு வழிகளில் எந்த வழியில் அருளானந்தர் நடந்தார் என்பதைக் கவனியுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் தஞ்சை, செஞ்சிச் சீமைகளில் வெள்ளத்திலும் பஞ்சத்திலும் சனங்களோடு அலைந்தார். 1686-ல் மறவர் சீமைக்குள் வந்தார். மறவர் சீமை என்பது வேறெங்கோ இருக்கிற தேசம் அல்ல. நாம் இருக்கிற பூமிதான். சேதுபதிகளின் ஆட்சியில் இருந்த இந்தப் பக்கம் 1985 வரைக்கும் இராமநாதபுரம் ஜில்லாவாகவே இருந்தது. அந்த ஜில்லாவின் பெயரைச் சொல்லி வளர்ந்தவர்கள் உங்களில் பலர்.

குருவானவர்கள் பல வருஷம் வர முடியாதிருந்த சீமை அது. அவர் வந்ததும் சனங்கள் திரண்டார்கள். இரண்டே மாதத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். சேதுபதியின் தளபதி குமாரப்பிள்ளை, சுவாமியாரையும் உபதேசிமாரையும் பிடித்துக் கட்டி, தண்ணீரில் அமுக்கியும், அடித்தும், கொதிக்கிற பாறையில் கிடத்தியும் வதைத்தான். கோடை வெயிலில் நம் பாறை எப்படிச் சுடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் கிழவன் சேதுபதி என்று பெயர்பெற்ற இரகுநாத சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு அழைப்பித்து, அவர் போதனையை விசாரித்துக் கேட்டு, இனி இந்தச் சீமையில் போதிக்கக்கூடாது என்று கட்டளையிட்டு விட்டுவிட்டார்.

அதன் பின் மேலதிகாரிகள் அவரை மிஷன் காரியமாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687 செப்டம்பரில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு சொந்த ஊர்! தாயார் உயிரோடு இருந்தார். பழைய விளையாட்டுத் தோழர் சிங்காசனத்தில் இருந்தார். தம்மோடு அரண்மனையிலேயே இருக்கும்படி அரசர் ஆசைப்பட்டார். ஆனால் அந்த ஊரில் அவர் எப்படி வாழ்ந்தார் தெரியுமா? இங்கே உண்டதைப் போலவே மரக்கறியே உண்டார். இங்கே படுத்ததைப் போலவே தரையில் படுத்தார். அயல்நாட்டில் வேலைபார்த்து வந்த பிள்ளை நம் வீட்டுக் கஞ்சியைத் தள்ளிவைத்தால் நமக்கு வருத்தம் வருகிறது. அந்தத் தாயாரும் மகனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைக்கச் சொல்லியிருப்பார். மகன் உடம்பால் மாத்திரமே வந்திருக்கிறான் என்று அன்றே அவருக்குப் புரிந்திருக்கும்.

1690-ல் மறுபடியும் கப்பல் ஏறினார். இம்முறை தாயார் தடுத்ததாகக் கேள்வியில்லை.

இனிச் சொல்லப்போவது குடும்பத்தைப் பற்றிய காரியம், கஷ்டமான காரியமுங்கூட.

சேதுபதியின் குலத்தில் தடியத்தேவர் என்று ஒருவர் இருந்தார். பட்டத்துக்கு உரிமை பாராட்டத்தக்கவர். தீராத வியாதியில் கிடந்தவர், உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷம் வாசித்து ஜெபித்த பின் சுகமடைந்து, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு ஐந்து மனைவியர். ஒருத்தியை மாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சுவாமியார் சொன்னார். தேவர் சம்மதித்து, முதல் மனைவியை வைத்துக்கொண்டு, மற்றவர்களை இனிச் சகோதரிகளாகப் பாவித்துக் காப்பாற்றுவதாகச் சொன்னார். 1693 ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, வேறு பலரோடு அவருக்கு ஞானஸ்நானம் ஆயிற்று.

விலக்கப்பட்டவர்களில் இளையவள் பெயர் கடலாயி. சேதுபதியின் உறவில் மருமகள். அவள் அழுதுகொண்டு இராமநாதபுரம் அரண்மனைக்கு ஓடினாள்.

இந்தப் பெண்ணை ஏரோதியாளுக்கு ஒப்பிட்டு, சுவாமியாரை ஸ்நாபக அருளப்பருக்கு ஒப்பிட்டுப் பிரசங்கிப்பது வழக்கம். இரண்டாவது ஒப்புமை சரியே. முதலாவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏரோதியாள் உயிரோடிருந்த புருஷனை விட்டு அவனுடைய சகோதரனோடு போனவள். கடலாயி குலத்தார் பார்த்துக் கட்டிக்கொடுத்த பெண். அவளறிந்த நியாயப்படி அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு நாள் காலையில் மனைவியாயிருந்தவள் சாயங்காலம் சகோதரி என்றால், சோறும் துணியும் கிடைத்தாலும், அவள் எந்த வீட்டுக்காரி? அவள் கோபம் ஒரு குருவானவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனது மெய். அவள் கண்ணீரும் மெய்தான். ஒருவனுக்கு ஒருத்தி என்ற சட்டம் பெண்ணுக்குக் காவலாகவே ஏற்பட்டது என்று விசுவசிக்கிறேன். ஆனாலும் அந்தச் சட்டம் ஒரு வீட்டுக்குள் முதல் முதல் நுழைந்த அன்றைக்கு அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் அந்த நான்கு ஸ்திரீகள். அவர்களுக்காகவும் திருநாளன்று ஒரு பரமண்டல மந்திரம் சொன்னால் அருளானந்தர் கோபிக்கமாட்டார்.

சேதுபதிக்கோ இது மனைவியர் காரியம் மாத்திரம் அல்ல. பட்டத்துக்கு உரிமையுள்ளவன் புது மார்க்கத்தில் சேர்ந்தால், நாளைக்கு அந்தச் சனங்கள் எல்லாரும் அவன் பின்னே நிற்பார்களே என்ற பயமும் உண்டு. ஜனவரி 8-ந் தேதி சுவாமியார் முனி என்ற ஊரில் பிடிபட்டு, இராமநாதபுரம் கொண்டுபோகப்பட்டார். தடியத்தேவர் அங்கே போய் அவருக்காகத் துணிந்து வாதாடினார். கலகம் வரும் என்று சேதுபதி யோசித்தார். ஆகையால் தலைநகரில் வைத்துக் கொல்லாமல், நாடு கடத்துவதாக வெளியே சொல்லி, ஓரியூரில் ஆண்டுகொண்டிருந்த தன் சகோதரர் உடையத்தேவரிடம் அனுப்பி, இரகசியமாக மரண உத்தரவும் கொடுத்தார்.

ஓரியூர் சிறையில் காகிதம் கிடைத்தது, மை கிடைக்கவில்லை. கரியைத் தண்ணீரில் குழைத்துத் தம் சபைக் குருக்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். மறுநாள், பிப்ரவரி 4, புதன்கிழமை, தபசு காலத்தின் முதல் நாளான விபூதித் திருநாள். திருவாடானைக்கு அந்தப் பக்கத்துப் பொட்டலில், ஆற்றங்கரை மணல் மேட்டில் முழங்காலிட்டு ஜெபித்தார். வெட்டுகிறவன் அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கிய அருளிக்கப் பெட்டியைக் கண்டு, மந்திரித்த தாயத்து என்று பயந்து கையால் தொடமாட்டாமல், கத்தியாலேயே கயிற்றை அறுக்கப்போக, தோளிலும் மார்பிலும் ஆழமாய்க் காயம் பட்டது. அதன் பிறகே தலை விழுந்தது. கையும் காலும் துண்டிக்கப்பட்டு, உடல் கழுமரத்தில் கட்டப்பட்டு, நரிக்கும் பறவைக்கும் விடப்பட்டது. காவல் தளர்ந்த பின் கிறீஸ்தவர்கள் வந்து, எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டார்கள். இங்கே பெற்ற தாயோ கூடப்பிறந்தவரோ இல்லாதவருக்குச் செய்யவேண்டிய முறையை அவர்களே செய்தார்கள். அவருக்கு வயது 45 முடிந்து, 46 நிறைய ஒரு மாதம் குறைந்திருந்தது.

செய்தி லிஸ்பன் போய்ச் சேர நாளாயிற்று. அரசர் பேத்ரோ கோவிலில் நன்றியறிந்த ஆராதனை நடத்தச் சொன்னார். வேதசாட்சியின் தாயாரும் வந்தார். துக்க உடை உடுத்தவில்லை. கல்யாண வீட்டுக்கு வருகிறவரைப் போல உடுத்திக்கொண்டு வந்தார். பன்னிரண்டு பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கென்று அங்கி உடுத்திய கை அது.

1853-ல் ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறுபெற்றவர் பட்டமும், 1947 ஜூன் 22-ந் தேதி பன்னிரண்டாம் பத்திநாதர் அர்ச்சியசிஷ்ட பட்டமும் கொடுத்தார்கள். ஓரியூர் இப்போது சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கிறது. அங்கே போனவர்களுக்குத் தெரியும்: கிறீஸ்தவர்களுக்குச் சமமாக இந்துக்களும் வருகிறார்கள். மொட்டை போடுகிறார்கள், கிடாய் வெட்டிச் சமைத்துச் சனங்களுக்குப் போடுகிறார்கள், அவருடைய இரத்தத்தால் சிவந்தது என்று சொல்லி அந்தச் செம்மண்ணை மடியில் முடிந்துகொண்டு போகிறார்கள். குலதெய்வத்துக்குச் செய்வதையெல்லாம் அவருக்கும் செய்கிறார்கள் என்று சில குருக்கள் குறைப்படுவதுண்டு. நானும் ஒரு காலத்தில் குறைப்பட்டேன். அவரை வெட்டிய சீமையின் சனங்களே அவரைத் தங்கள் வீட்டு மூத்தவராக வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பின்னால்தான் கவனித்தேன்.

நம் பக்கத்துக் கோவில்களின் ஞானஸ்நானப் புஸ்தகங்களைப் புரட்டினால் அருளானந்து, அருளானந்தம், பிரிட்டோ என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பேரன் பெயர் பிரிட்டோ, தாத்தா பெயர் அருளானந்து என்று ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும். திருப்பூரிலோ சென்னையிலோ பிறந்த அந்தப் பேரன், பொங்கலுக்கு வந்தவன், இன்னும் ஊரில் இருந்தால், திருநாளன்று காலைப் பூசைக்குத் தாத்தாவோடு அழைத்து வாருங்கள்.