சூட்டை வென்ற கம்ப்யூட்டர் மேதை

கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும். காய்ச்சல் ஏறினால் கணக்குத் தப்பும். இன்னும் ஏறினால் உள்ளே இருக்கும் நுண்ணிய பாகங்கள் கருகிப் போகும்.

இந்தச் சூட்டோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்றார் ஒருவர். உலகிலேயே மிக வேகமான கம்ப்யூட்டரை ஒரு முறை அல்ல, பல முறை செய்து காட்டினார். அவர்தான் சீமோர் கிரே.

நிலவறையில் ஒரு சிறுவன்

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், சிப்பெவா பால்ஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1925-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி கிரே பிறந்தார். தந்தை ஒரு என்ஜினீயர்.

கிரேக்கு 10 வயது இருக்கும். பூட்டி விளையாடும் இரும்புத் துண்டுகளைக் கொண்டு ஒரு கருவி செய்தார். துளை போட்ட காகித நாடாவை அதில் விட்டால், அது தந்தி அடிக்கும் ஓசையாக மாறி வரும். பையனின் ஆர்வத்தைக் கண்ட பெற்றோர், வீட்டின் நிலவறையையே அவனுக்கு விட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டாவது உலகப் போர் மூண்டது. கிரே பட்டாளத்தில் சேர்ந்து ரேடியோ வேலை பார்த்தார். போர் முடிந்ததும் மின்னசோட்டா சர்வகலாசாலையில் மின்சார என்ஜினீயரிங்கும் கணிதமும் படித்தார். பிறகு கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனியில் உத்தியோகம். 1957-ல் அவருடைய நண்பர்கள் கண்ட்ரோல் டேட்டா என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கினார்கள். கிரேயும் அதில் போய்ச் சேர்ந்தார்.

வேகம் வந்தது; சூடும் வந்தது

கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கம்பி வழியாக ஓடுகிறது. ஒரு நொடியை 100 கோடி கூறாக்கினால் வரும் ஒரு கூறு நேரத்தில், அது ஓர் அடி தூரம்கூடப் போகாது. ஆகவே வேகம் வேண்டுமானால் கம்பிகள் குட்டையாக இருக்க வேண்டும். பாகங்களை நெருக்கமாக அடுக்க வேண்டும்.

இங்கேதான் வம்பு. மின்சாரம் ஓடும் ஒவ்வொரு பாகமும் சுடும். கூட்டம் நெருங்கிய அறையில் புழுக்கம் ஏறுவதுபோல, நெருங்கிய பாகங்களுக்கு நடுவே சூடு ஏறும். விசிறி வைத்துக் காற்று அடித்தால் மட்டும் போதாது.

இதற்கு வழி கண்டார்கள். அந்நாளில் குளிர்பதனப் பெட்டியில் ஓடிய பிரியான் என்ற குளிர் திரவத்தைக் குழாய் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் ஓட விட்டார்கள். இந்த ஏற்பாட்டை அமைத்தவர் டீன் ரூஷ் என்ற என்ஜினீயர். 1964-ல் வெளிவந்த அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் 6600. அன்றைய உலகில் அதுவே வேகத்தில் முதல்.

அதைச் செய்தவர்கள் வெறும் 34 பேர். துப்புரவுத் தொழிலாளியும் அதில் அடக்கம்! ஐ.பி.எம். என்ற மிகப் பெரிய கம்பெனியின் தலைவர் இதை அறிந்து வெகுண்டார். இத்தனை பேரை வைத்திருந்தும் தம்மவர்கள் எப்படிப் பின்தங்கினார்கள் என்று கேட்டு, அதிகாரிகளுக்குக் குறிப்பு அனுப்பினார்.

எண்ணெய் செய்த சோதனை

1972-ல் கிரே வெளியேறிச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். அதன் முதல் கம்ப்யூட்டர் கிரே-1. எடை 5 டன்னுக்கு மேல். ஆள் உயரத்தைத் தாண்டிய வட்டத் தூண். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். அடியில் சுற்றிலும் திண்ணை போல இருக்கை. மின்சார ஏற்பாடுகள் அந்தத் திண்ணைக்குள் இருந்தன. உள்ளே 60 மைல் அளவுக்குக் கம்பி. ஆனால் ஒரு கம்பிகூட 4 அடியைத் தாண்டவில்லை!

பாகங்கள் பொருத்திய பலகைகளுக்கு நடுவே செம்புத் தகடு வைத்தார்கள். செம்பு, சூட்டை இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவரும். ஓரத்தில் இருந்த எஃகுக் குழாயில் பிரியான் ஓடி அதை வாங்கிச் செல்லும்.

ஆனால் சோதனை வந்தது. பிரியானோடு கலந்திருந்த எண்ணெய், குழாயின் இணைப்புகள் வழியாகக் கசிந்தது. பலகைகளில் படிந்து மின்சாரத்தைத் தடம் மாற்றியது. அதுவரை கம்பெனி ஒரு கம்ப்யூட்டர்கூட விற்கவில்லை. போட்ட முதல் எல்லாம் அந்த ஒரு தூணில் இருந்தது. கிரே அவசரப்படவில்லை. பற்றவைக்கும் முறையையே மாற்றிக் கசிவை அடைத்தார்கள். 6 மாதம் தாமதம் ஆயிற்று. 1976-ல் முதல் கிரே-1 லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிற்று. பிறகு இந்த வகையில் 80-க்கு மேல் விற்றன.

கிரே-1-ல் இன்னொரு காவலும் இருந்தது. முக்கியமான இடங்களில் சூட்டை ஓயாமல் அளந்துகொண்டே இருப்பார்கள். அளவு மீறினால் எச்சரிக்கை வரும். அதற்கும் மீறினால் கம்ப்யூட்டர் தானாகவே நின்றுவிடும். அளவுக்கு மேல் குளிர்ந்தாலும் இதே காவல் உண்டு.

திரவத்தில் மூழ்கிய கம்ப்யூட்டர்

1985-ல் வந்தது கிரே-2. இதில் கிரே ஒரே போடாகப் போட்டார். கம்ப்யூட்டரின் பாகங்களையே திரவத்தில் மூழ்கடித்துவிட்டார்! தண்ணீர் அல்ல, மின்சாரத்தைக் கடத்தாத புளூரினெர்ட் என்ற திரவம். கண்ணாடி போன்ற தொட்டியில் அது குமிழியிட்டு ஓடுவதைக் கண்டவர்கள், கம்ப்யூட்டருக்குக் குமிழி என்றே செல்லப்பெயர் வைத்தார்கள்.

தோல்வியும் கண்டார்

அடுத்தது கிரே-3. புதுவகைப் பாகங்களை வைத்து அதைச் செய்ய முனைந்தார். அதற்காக 1989-ல் வேறு கம்பெனி தொடங்கினார். செலவு ஏறியது, வாங்க ஆள் வரவில்லை. 1995-ல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. அப்போது கிரேயின் வயது 69.

மூலையில் உட்கார்ந்தாரா? இல்லை. மறு ஆண்டே இன்னொரு கம்பெனி தொடங்கினார். ஆனால் விதி குறுக்கிட்டது. 1996 செப்டம்பர் 22-ந் தேதி கொலராடோவில் அவருடைய கார் விபத்தில் சிக்கியது. 71-வது பிறந்த நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கழிந்தது. அக்டோபர் 5-ந் தேதி கிரே காலமானார்.

இன்று நம் கையில்

அன்று 5 டன் தூணுக்கு வைத்த காவல், இன்று விரல் நகம் அளவுள்ள பாகத்துக்குள் இருக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் சூட்டை அளக்கும் நுண்கருவி உண்டு. பல கம்ப்யூட்டர்களில் சூடு 100 டிகிரி செல்சியசை நெருங்கினால், முதலில் வேகம் தானாகக் குறையும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

ஆகவே கம்ப்யூட்டர் திடீரென்று மெதுவானால் அதைத் திட்ட வேண்டாம். காற்றுப் போகும் துளையில் தூசி அடைத்திருக்கிறதா, மெத்தைமேல் வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். அடைப்பு நீங்கினால் காய்ச்சல் இறங்கும். பழைய வேகமும் திரும்பிவிடும்.