எண்களுக்கு ஒழுங்கு தேடிய பாபேஜ்

1821-ம் ஆண்டு. லண்டன் நகரில் இரண்டு நண்பர்கள் வானசாஸ்திரக் கணக்கு அட்டவணைகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் வானநூல் நிபுணர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் கணித மேதை சார்லஸ் பாபேஜ். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே போட்டிருந்தனர். ஒப்பிடப் ஒப்பிடப் பிழைகள் குவிந்தன. இந்த வேலையை நீராவி யந்திரம் செய்யக் கூடாதா என்ற ஏக்கம் அன்று பாபேஜுக்குப் பிறந்தது.

அந்த ஏக்கம் அவருடைய ஆயுளையே விழுங்கிவிட்டது.

வங்கிக்காரர் மகன்

பாபேஜ் 1791 டிசம்பர் 26-ல் லண்டனில் பிறந்தார். தந்தை வங்கித் தொழில் செய்தவர். கேம்பிரிட்ஜில் படித்த பாபேஜ், 1828 முதல் 1839 வரை அங்கே நியூட்டன் வகித்த அதே கணிதப் பேராசிரியர் பதவியை வகித்தார்.

அக்காலத்தில் மாலுமிகளும் என்ஜினீயர்களும் அச்சிட்ட அட்டவணைகளையே நம்பியிருந்தனர். கணக்கைச் சரியாகப் போட்டாலும், பிரதி எடுப்பவர் தவறலாம். அச்சுக் கோப்பவர் 6-க்குப் பதில் 9 வைத்துவிடலாம். ஆகவே கணக்குப் போடும் யந்திரமே விடையை அச்சிடவும் வேண்டும் என்று பாபேஜ் பிடிவாதமாக இருந்தார்.

எண்கள் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதையும் அவர் விடவில்லை. 1827-ல் 1 முதல் 1,08,000 வரையுள்ள எண்களுக்கு லாகரிதம் அட்டவணை வெளியிட்டார். 1831-ல் பல நிறத் தாள்களில் பத்து நிற மைகளால் எண்களை அச்சிட்டு, எது கண்ணை உறுத்தாது என்று சோதித்தார். அந்தச் சோதனை மட்டும் 21 தொகுதிகள்!

பாதியில் நின்ற கனவு

1822-ல் சிறு மாதிரி யந்திரம் தயாராயிற்று. மறு ஆண்டு சர்க்கார் பணம் கொடுத்தது. பெரிய யந்திரத்துக்குச் சுமார் 25,000 உறுப்புகள் தேவை. 1827-ல் தந்தை, மனைவி, மகன் மூவரையும் ஒரே ஆண்டில் இழந்தார் பாபேஜ். 1833-ல் தலைமைத் தொழில் நிபுணருடன் தகராறு மூண்டு வேலை நின்றது. சுமார் 17,000 பவுன் செலவான பிறகு, 1842-ல் சர்க்கார் கைகழுவிவிட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1847-க்கும் 1849-க்கும் இடையே இன்னொரு யந்திரத்துக்குப் படம் வரைந்தார். 31 இலக்க எண்களைக் கையாளும் யந்திரம் அது. வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, பக்கத்துக்கு எத்தனை பத்தி, ஓரம் எவ்வளவு, எங்கே ஒரு வரி காலியாக விடுவது என்பதை எல்லாம் முன்கூட்டியே அதில் அமைத்துவிடலாம். மனிதக் கை படாமல் பக்கம் தயாராகிவிடும். ஆனால் அதைச் செய்ய யாரும் பணம் தரவில்லை. 1871 அக்டோபர் 18-ல் பாபேஜ் கண் மூடினார்.

பலித்தது

அவருடைய படங்களைப் பார்த்தே லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சி சாலை 1991-ல் கணக்குப் பகுதியையும், 2002-ல் அச்சுப் பகுதியையும் செய்து முடித்தது. யந்திரம் பிசகாமல் ஓடியது.

1957-ல் வந்த ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் 'எஃப் 8.3' என்று குறித்தால், எண்ணை எட்டு இடங்களுக்குள், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களுடன் எழுது என்று பொருள். பின்னர் வந்த 'சி' மொழி இதே கட்டளையைச் சதவீதக் குறியுடன் தொடங்கியது. வங்கிக் கணக்குத் தாளில் ரூபாயும் பைசாவும் நேர் வரிசையில் நிற்பது இத்தகைய குறிகளால்தான்.

விடை சரியாக இருந்தாலும், படிப்பவர் கண்ணுக்கு அது பிழையின்றிப் போய்ச் சேர வேண்டுமே என்று கவலைப்பட்டவர் பாபேஜ். அந்தக் கவலை வீண் போகவில்லை.