தோட்டத்தில் வாழாதவர் எழுதிய தோட்டக் கதை: புதுமைப்பித்தன்

தோட்டத்தில் ஒருநாள்கூட வேலை செய்யாத ஒருவர் தோட்ட மக்களின் துயரத்தை எழுத முடியுமா? எழுதிக் காட்டியவர் புதுமைப்பித்தன். தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிந்த மருதி என்ற பெண்ணின் கதையைத் ‘துன்பக் கேணி’யில் சொன்னவர் அவர்.

சொ. விருத்தாசலம் என்பது அவரது இயற்பெயர். 1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார்.

அரசாங்க உத்தியோகம் பார்த்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ எழுத்தை நம்பிச் சென்னைக்குப் போனார். ‘மணிக்கொடி’ இதழில் கதைகள் எழுதினார். ‘தினமணி’, ‘தினசரி’ நாளேடுகளில் வேலை பார்த்தார். பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை.

‘துன்பக் கேணி’ 1935இல் வெளிவந்தது. தாசில்தார் வீட்டுப் பிள்ளைக்கு லயத்து வாழ்க்கை எப்படித் தெரிந்தது? அவர் வளர்ந்த திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களிலிருந்துதான் ஏழை மக்கள் தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். ஆசை காட்டி ஆள் பிடித்ததும் அந்த ஊர்களில்தான். கதையின் வேர் அங்கே இருக்கிறது. அவர் வாழ்க்கையை அறிந்தால் இது விளங்கும்.

ஆனால் வாழ்க்கையை வைத்தே கதையை அளந்தால் ஏமாந்துபோவோம். ‘செல்லம்மாள்’ கதையில் துணிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயில் கிடக்கும் மனைவிக்குத் தானே எல்லாப் பணிவிடையும் செய்கிறார். கடைசியில் அவளைச் சாவுக்குப் பறிகொடுக்கிறார். படிப்பவர்கள் இது எழுதியவரின் சொந்தக் கதை என்றே நினைப்பார்கள். நடந்ததோ நேர்மாறு. புதுமைப்பித்தனின் மனைவி கமலா அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவரும் சிறுகதைகள் எழுதியவர். சென்னையில் கைக்கும் வாய்க்குமாகக் குடும்பம் நடத்திய வறுமை மட்டும்தான் இருவருக்கும் பொது.

வறுமை தீரும் என்று சினிமாவுக்கும் போனார். சொந்தமாகப் படமெடுக்கத் தொடங்கிய முயற்சி பணமில்லாமல் நின்றது. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனே சென்ற இடத்தில் காசநோய் முற்றியது. மனைவியின் ஊரான திருவனந்தபுரத்துக்கு வந்து, 1948இல், 42 வயதில் காலமானார்.

இந்த வரலாறு தெரியாமலும் ‘துன்பக் கேணி’யைப் படிக்கலாம். மருதி படும் பாடு அப்போதும் நெஞ்சைச் சுடும். வரலாறு தெரிந்தால், தன் வீட்டுக்கு நேராத துன்பத்தையும் தன்னுடையதாக எண்ணிய ஒரு மனிதரையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

கங்காணி, லயம், பிரட்டு என்பவை நம் தாத்தா பாட்டிகள் அன்றாடம் புழங்கிய சொற்கள். ‘துன்பக் கேணி’ நடப்பது இலங்கையில் என்றாலும், அது உண்மையாக இருக்கிறதா என்று சொல்லும் தகுதி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. எழுதியவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் பிறகு இருக்கட்டும். முதலில் கதையை அவர்களுக்குப் படித்துக் காட்டுவோம். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம்.