தாடைக்குள் இருக்கும் கட்டியைக் காட்டும் 20 விநாடி படமும், புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டியும்!

கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயர் உங்க வீட்டில் யாருக்காவது தெரிஞ்சிருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்ம புதுக்கோட்டைப் பெண். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதும் அவரால்தான்.

ஒன்பது வயதில் வந்த எக்ஸ்-ரே

1886 ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

அவருக்கு ஒன்பது வயசு இருக்கும்போது, 1895 நவம்பரில், ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடிச்சார். ரெண்டே மாசத்துல ஓட்டோ வால்க்காஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களையே படம் எடுத்துப் பார்த்தார். அதுக்காக அவர் 25 நிமிஷம் அசையாமப் படுத்திருக்க வேண்டியிருந்தது. அறுக்காமலே தாடைக்குள் பார்க்க முடியும்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்போதான்.

ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர வந்தபோது ஊரே எதிர்த்தது. மன்னர் அனுமதி கொடுத்தார், சேர்ந்துவிட்டார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர் பட்டம்.

1923-ல் அவர் தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அப்போ ஸ்கேன் கிடையாது, எம்.ஆர்.ஐ கிடையாது. உடம்புக்குள் பார்க்க டாக்டர்கள் கையில் பெரிசா இருந்தது எக்ஸ்-ரே மட்டும்தான். அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாத்த முடியலை. அந்த இழப்பு கடைசி வரை அவரை விடவே இல்லை.

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர், அவ்வை இல்லத்தை நிறுவியவர்னு அடுத்தடுத்து எத்தனையோ வேலைகள். ஆனாலும் புற்றுநோய்க்குன்னு ஒரு தனி மருத்துவமனை என்ற எண்ணத்தை அவர் கைவிடலை.

12 படுக்கைகள்

புற்றுநோய் வந்தா சாவுதான், அதுக்கு எதுக்குத் தனி ஆஸ்பத்திரி? அன்றைக்குப் பலரோட எண்ணம் இதுதான். முத்துலட்சுமி இந்திய மாதர் சங்கம் மூலமா நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் வெறும் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது. தங்கை இறந்து 31 வருஷம் ஆகியிருந்தது. முத்துலட்சுமிக்கு வயசு 67.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தாங்க. 1968 ஜூலை 22-ல் முத்துலட்சுமி மறைந்தார்.

இப்போ 20 விநாடி போதும்

இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் ஒன்று வாய்ப் புற்றுநோய். புகையிலையும் பாக்கும் முக்கியக் காரணங்கள். அது கன்னத்திலோ ஈறிலோ ஆரம்பிச்சு தாடை எலும்புக்குள் இறங்கலாம்.

இதைப் பார்க்க முதல் படி ஓ.பி.ஜி எக்ஸ்-ரே. நீங்க நின்னா போதும், மெஷின் தலையைச் சுற்றி வரும். சுமார் 20 விநாடியில் மேல்தாடை, கீழ்தாடை, எல்லாப் பற்களும் ஒரே படத்தில் வந்துடும்.

ஓரம் தெளிவா, உருண்டையா கறுப்பாத் தெரிஞ்சா பெரும்பாலும் நீர்க்கட்டி. சோப்பு நுரை மாதிரி பல அறைகளாத் தெரிஞ்சா அமிலோபிளாஸ்டோமா என்ற கட்டியா இருக்கலாம். அது பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, ஆனா தாடையை அரிக்கும். ஓரமே இல்லாம, கரையான் அரிச்ச மாதிரி இருந்தா புற்றுநோய் சந்தேகம் வரும். எலும்பில் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு சி.டி ஸ்கேன் சொல்லும். தசை, நரம்பு, எலும்பு மஜ்ஜையை எம்.ஆர்.ஐ காட்டும். ஆனா படம் சந்தேகத்தை மட்டும்தான் சொல்லும். சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிற பயாப்ஸிதான் முடிவு சொல்லும்.

இன்னொரு விஷயம். எலும்பில் 30 சதவீதத்துக்கு மேல் தாதுச்சத்து கரைஞ்ச பிறகுதான் சாதாரண எக்ஸ்-ரேயில் மாற்றம் தெரியும். அதனால படம் நல்லா இருக்குன்னு ஆறாத புண்ணை விட்டுடக் கூடாது.

எப்போ போகணும்?

ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரணமில்லாம ஆடும் பல், பல் பிடுங்கிய இடம் மூடாமல் இருப்பது, தாடை வீக்கம், கீழுதடு மரத்துப்போவது. இதில் ஒண்ணு இருந்தாலும் பல் டாக்டரைப் பாருங்க. சூட்டுப்புண்ணுன்னு மாசக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

முன்னெல்லாம் கோட்டைப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்க்காரங்க இதுக்குன்னு தஞ்சாவூர், மதுரை, சென்னைன்னு அலையணும். இப்போ அறந்தாங்கி வழியா பஸ் ஏறினா புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கவே தயங்கிய அதே ஊரில், இன்னைக்குப் பெண்களும் தாடை எக்ஸ்-ரே பார்க்கப் படிக்கிறாங்க. உங்க வீட்டில் யாருக்காவது வாயில் ஆறாத புண் இருந்தா, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.